என் பேர் வைத்த மெஷின்

எங்கள் மலையடிவாரத்து நிலநடுக்க ஸ்டேஷனுக்குக் காவல்காரன் நான்தான். பூமி ஆடுவதைக் கேட்கிற கருவி கிணற்றுக்குள் இருக்கிறது. அது கேட்டதை அல்மாட்டி நகரத்துக்கு அனுப்புகிற கம்ப்யூட்டர் மேலே அறையில் இருக்கிறது. கருவியை நம்பலாம், சோவியத் காலத்து இரும்பு. கம்ப்யூட்டரை நான் நம்புவதில்லை. வெளிநாட்டுக்காரன் சும்மா எதையும் கொடுக்கமாட்டான்.

பிள்ளைகள் விளையாடுகிற வகை இல்லை அது. யூனிக்ஸ் என்பார்கள். அதைக் கொண்டுவந்த லாரி மார்ச் மாதச் சேற்றில் இறங்கிவிட்டது, என் டிராக்டர்தான் இழுத்துக் கரை சேர்த்தது. இந்த மாதிரி மெஷின்களுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு பேர் வைத்தாக வேண்டுமாம். பேர் இல்லாவிட்டால் ஒன்றை ஒன்று கூப்பிட்டுக்கொள்ள வழியில்லையாம். அப்போதிருந்த மேலாளர் ஒரு கிண்ணம் வோட்கா உள்ளே போன சந்தோஷத்தில், இழுத்துக்கொண்டு வந்தவன் பேரையே வையுங்கள் என்றுவிட்டார். அன்று முதல் அதன் பேர் எசிர்கெப். என் பேர்.

நான் நாலாம் வகுப்போடு நின்றவன். வெளிநாட்டு எழுத்து தெரியாது. ஆனால் என் பேர் அந்த எழுத்தில் எப்படி இருக்கும் என்று கண்ணுக்குப் பழகிவிட்டது. மெஷினை எழுப்பினால் நீலத் திரையில் வரவேற்பு வரும், அதில் என் பேர் நிற்கும். ஊரில் யார் வீட்டு விருந்தில் உட்கார்ந்தாலும் இதைச் சொல்லாமல் நான் எழுந்ததில்லை. மந்திரி பேர்கூட தினமும் நகரத்துக்குப் போவதில்லை, என் பேர் போகிறது என்பேன்.

என் மகன் எர்மெக் லாரி ஓட்டுகிறான், மாதத்தில் பாதி நாள் சாலையில். அவன் மனைவி ரௌஷான் தால்திகோர்கான் ஊர்ப் பெண். கம்ப்யூட்டர் படித்தவள். ஸ்டேஷனில் மெஷினைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவைப்பட்டபோது நான் நகரத்துக்கே போய், தலைமை அம்மாள் கம்கா இலியாசோவ்னாவின் கதவுக்கு வெளியே உட்கார்ந்து, இந்த வேலையை அவளுக்கு வாங்கிக் கொடுத்தேன். கொஞ்ச காலம் பார்க்கலாம், சரியாகச் செய்தால் நிரந்தரம் என்றார் அந்த அம்மாள். இந்தப் பெண்ணுக்கு அந்த வேலை என்றால் உயிர். பனியில் நடந்துபோகும்போதுகூட முகம் வெளிச்சமாக இருக்கும்.

ஒரு சிக்கல். எங்களில் மருமகள் மாமனார் பேரைச் சொல்லமாட்டாள். அவளாக ஒரு பேர் வைத்துக் கூப்பிட வேண்டும். ரௌஷான் எனக்கு வைத்த பேர் தாவ் அத்தா. மலையப்பன் மாதிரி அர்த்தம். என் உடம்பைப் பார்த்து வைத்திருப்பாள். அப்படி இந்த உலகத்தில் என்னைக் கூப்பிடுகிறவள் அவள் ஒருத்திதான். காலையில் நகரத்துக்குப் போன் செய்து எந்த மெஷின் எப்படி இருக்கிறது என்று சொல்ல வேண்டும். ரௌஷான் "எங்க மெஷின் நல்லாருக்கு" என்பாள். அந்தப் பக்கத்துப் பெண்கள் சிரித்துவிட்டு எழுதிக்கொள்வார்கள்.

குளிர்காலக் கறிக்குக் குதிரை அறுத்த அன்று என் வீட்டில் விருந்து. பக்கத்து வீட்டு தெமிர்பாய்க்கு வாய் சும்மா இருக்காது.

"ஏம்ப்பா, உன் மருமக தினமும் ஆபீஸ்ல உன் பேரைத் தட்டிக்கிட்டுத்தானே உக்காந்திருக்கா? வாய்க்கு மட்டும்தான் பூட்டா, விரலுக்கு இல்லையா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது.

"என் மருமக என் பேரை வாயாலயும் சொல்லமாட்டா, விரலாலயும் சொல்லமாட்டா. உன் மருமக மாதிரின்னு நெனச்சியா?"

இப்போது தெமிர்பாய் முகம் சுருங்கியது. எனக்குத் திருப்தி. அடுத்த கறித்துண்டை எடுத்தேன். ரௌஷான் வெந்நீர் கொதிக்கிற சமோவாருக்குப் பக்கத்தில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. நான் சொன்னதை நான் அன்றைக்கே மறந்துவிட்டேன்.

அதற்குக் கொஞ்ச நாள் கழித்துப் பெருங்காற்று அடித்துக் கரண்ட் போனது. திரும்ப வந்ததும் மெஷின் தானாக எழுந்தது. ரௌஷான் தன் பேரையும் ரகசிய வார்த்தையையும் தட்டினாள். திரை வெளுத்தது, கடிகாரம் மாதிரி ஒன்று சுற்றியது, ஏதோ வரிகளோடு ஒரு சின்னக் கட்டம் வந்தது. அதை அமுக்கினால் பழையபடி வரவேற்புத் திரை. மறுபடி தட்டினாள், மறுபடி அதே. வாசல் வரை வந்து காலணியைக் கழற்றாமலே திரும்பிப் போகிற விருந்தாளி மாதிரி, டெஸ்க்டாப் வருவதும் இல்லை, மெஷின் செத்ததும் இல்லை. கிணற்றுக் கருவி பதிந்துகொண்டுதான் இருந்தது. நகரத்துக்குத்தான் ஒன்றும் போகவில்லை.

அப்போதுதான் பார்த்தேன். வரவேற்புத் திரையில் என் பேர் இல்லை. வேறு என்னவோ இருந்தது, சிலுவை மாதிரி ஓர் எழுத்தில் ஆரம்பித்து.

என்ன எழுதியிருக்கிறது என்று ரௌஷானிடம் கேட்டேன். கோளாறாக இருப்பதால் எதையோ காட்டுகிறது அத்தா என்றாள், தட்டுப்பலகையைப் பார்த்துக்கொண்டே.

நான் அப்படி விடுகிற ஆள் இல்லை. யோசித்தேன். இலையுதிர்காலத்தில் நகரத்திலிருந்து நிகாய் வந்தான். உஷ்தோபெ ஊர்க் கொரியாக்காரன், எல்லா ஸ்டேஷன் மெஷின்களுக்கும் அவன்தான் வைத்தியன். பதிவுகளைச் சேர்த்து வைக்கிற புதுத் தட்டு ஏதோ மாட்டவேண்டும் என்று அரை நாள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன்தான் என் பேரை எடுத்துவிட்டு வேறு எவன் பேரையோ போட்டிருக்கிறான். மேலே இருக்கிற எவனுக்கோ வால் பிடிக்க. இதைத் தெமிர்பாயிடம் சாலையில் வைத்துச் சொன்னேன். தெமிர்பாயிடம் சொன்னால் ஊரிடம் சொன்ன மாதிரி. பொழுது சாய்வதற்குள் கடைக்காரி என்னைக் கேட்டாள், உங்கள் பேரை அந்தக் கொரியாக்காரன் திருடிவிட்டானாமே என்று. ஆமாம் என்றேன்.

நிகாய் முதலில் வரவில்லை. போனிலேயே சரிசெய்யப் பார்த்தான். அவன் சொல்லச் சொல்ல ரௌஷான் செய்தாள். நான் முக்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டேன். கண்ணுக்கு முன்னால் எந்தத் தில்லுமுல்லும் நடக்கக்கூடாது பாருங்கள்.

டெஸ்க்டாப் வராவிட்டாலும் வெறும் எழுத்துத் திரையாக உள்ளே போக ஒரு பக்கவாசல் இருக்கிறதாம். அதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தான். உள்ளே போனாள். தட்டு நிரம்பி வழிகிறதா என்று பார்க்கச் சொன்னான். சில சமயம் இடம் இல்லாமல் டெஸ்க்டாப் மூச்சு முட்டுமாம். இடம் நிறைய இருந்தது. அவளுடைய பழைய அமைப்புகள் இருக்கிற பெட்டியை ஓரமாக ஒதுக்கச் சொன்னான், அது கெட்டிருந்தால் மெஷின் புதிதாக ஒன்று செய்துகொள்ளும் என்று. ஒதுக்கினாள். வெளியே வந்து முன்வாசலில் நுழைந்தாள். அதே கட்டம், அதே வரிகள்.

அந்தக் கட்டத்தில் என்ன இருக்கிறது, படி என்றான் நிகாய். செய்தி கொண்டுபோகிற பகுதியைத் தொடங்க முடியவில்லை என்று முதல் வரியைப் படித்தாள். நிறுத்திவிட்டாள். கீழே இன்னும் எத்தனையோ வரி இருந்தது. எனக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் வரியை எண்ணத் தெரியும்.

"அவ்வளவு எழுதியிருக்கே, முழுசாப் படியேன்" என்றேன்.

"மீதியும் அதேதான் அத்தா. நீங்க வீட்டுக்குப் போயி டீ குடிச்சிட்டு வாங்களேன்."

சற்று நேரம் கழித்து மறுபடியும் சொன்னாள், வீட்டுக்குப் போய் வாருங்கள், இங்கே குளிர்கிறது என்று. எதற்கு இவள் என்னைக் கிளப்பப் பார்க்கிறாள்? அந்தக் கொரியாக்காரன் ஏதாவது சொல்லிக்கொடுத்திருப்பானா? முக்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டேன். அவள் கை தட்டுப்பலகை மேல் அப்படியே நின்றது. பிறகு மடியில் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் கம்கா இலியாசோவ்னாவே கூப்பிட்டார். அந்த அம்மாளுக்குப் போன் தேவையில்லை, ஜன்னலைத் திறந்து கத்தினாலே எங்களுக்குக் கேட்கும். மெஷினைக் கொடுத்த வெளிநாட்டுக் குழு அடுத்த வாரம் வருகிறது, அதற்குள் மெஷின் எழவில்லை என்றால் உன்னை எடுத்துவிட்டு இங்கிருந்து ஆள் அனுப்புவேன் என்றார். ரௌஷான் "சரிங்கம்மா" என்றாள். பேச்சு முடிந்த பிறகும் போனைக் கீழே வைக்காமல் நின்றாள். எனக்கு நிகாய் மேல் ஆத்திரம் பொங்கியது. ஒருத்தன் செய்த திருட்டுக்கு என் வீட்டுப் பெண் வேலை இழப்பதா?

அவன் ஜீப் வந்து நின்றதும் வாசலிலேயே மறித்தேன். சலாம்கூடச் சொல்லவில்லை.

"என் பேரை எடுத்து எவனுக்குடா குடுத்தே?"

அவன் மூக்குக்கண்ணாடியில் பனி படிந்திருந்தது. கழற்றித் துடைத்தான். "என்ன பேரு, எசெகே?" என்றான். என்னைவிட இளையவர்கள் மரியாதைக்கு அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவன் எங்கள் ஆட்களோடு வளர்ந்தவன். நான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் திரைக்கு முன்னால் நிறுத்தினேன். இதோ பார் என்றேன். ஊருக்கே தெரியும் என்றேன். ரௌஷான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நிகாய் குனிந்து பார்த்தான். உரக்கப் படித்தான்.

"தாவ்... அத்தா. தாவ் அத்தாவா? யாரு இது?"

எனக்குக் காதுக்குள் குப்பென்றது.  அவனுடைய கையை அப்போதும் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். விட்டேன்.

அவன் உட்கார்ந்து பக்கவாசல் வழியாக உள்ளே போனான். ஒன்றிரண்டு இடங்களைத் திறந்து பார்த்தான். பிறகு நாற்காலியைத் திருப்பி ரௌஷானைப் பார்த்துப் பேசினான். கோபம் இல்லை, வாத்தியார் மாதிரிதான் பேசினான். மெஷினுக்குள் ஒரு பட்டியல் இருக்கிறதாம், எந்தப் பேர் எந்த விலாசம் என்று. டெஸ்க்டாப் தொடங்கும்போது மெஷின் தன் பேரைச் சொல்லி அந்தப் பட்டியலில் தன்னைத் தேடுமாம். பட்டியலில் பழைய பேர் இருக்கிறது. மெஷினோ தன் பேர் வேறு என்று நினைத்துக்கொண்டிருக்கிறது.

"தன்னையே தேடிப் பாத்துட்டு, அப்படி ஒரு ஆளே இல்லேன்னு கதவைச் சாத்திக்குது. கரண்ட் போயி மறுபடி எழுந்தப்பதான் இது வெளிய வந்திருக்கு. நீதானம்மா மாத்தினே?"

"ஆமா."

"பட்டியலை விட்டுட்டே. அந்தக் கட்டத்துலயே எழுதியிருக்கு, பேரைச் சரிபாருன்னு. போன்ல ஏன் படிக்கலை? எதுக்கு மாத்தினே முதல்ல? பழைய பேருக்கு என்ன..."

அங்கே நிறுத்தினான். அவளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. சிரித்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். கத்தியிருப்பேன், அதோடு போயிருக்கும். அவன் சிரிக்கவில்லை. தரையைப் பார்த்தான். என் வீட்டுச் சங்கதியை ஓர் அந்நியன் தெரியாமல் கதவைத் திறந்து பார்த்துவிட்ட மாதிரி.

விரலாலும் சொல்லமாட்டாள் என்று கறி மென்றுகொண்டே சொன்னவன் நான். அதை அவள் எடுத்துக்கொண்டுபோய் இங்கே நிறைவேற்றியிருக்கிறாள். என் பேருக்குப் பதிலாக எனக்கென்று அவள் வைத்த பேரையே போட்டிருக்கிறாள். கரண்ட் போன பிறகு, கட்டத்தைப் படித்து, என்ன கோளாறு என்று அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. திரும்ப மாற்றவும் தெரியும், நிகாய் பக்கவாசலைக் காட்டிவிட்டான். ஆனால் மாற்ற வேண்டுமென்றால் என் பேரைத் தட்ட வேண்டும். நான் முக்காலி போட்டு அவள் முழங்கையில் இடிக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தேன். டீ குடித்துவிட்டு வாருங்கள், டீ குடித்துவிட்டு வாருங்கள் என்று அவள் எத்தனை தரம் சொன்னாள்.

புதுப் பேரையே பட்டியலில் சேர்த்துவிட முடியாதா என்று நான் கேட்டேன்.  முடியும், ஆனால் நகரத்தில் ஏற்றுக்கொள்ளாது, இத்தனை வருஷப் பதிவும் பழைய பேரில்தான் இருக்கிறது என்றான் நிகாய். எழுந்து நாற்காலியை அவளுக்கு விட்டான். நீயே செய், அப்போதுதான் அடுத்த தடவை கை பழகியிருக்கும் என்றான்.

அவள் உட்கார்ந்தாள். விரல்களைப் பலகை மேல் வைத்தாள். அதற்கு மேல் நகரவில்லை. கழுத்துப் பின்பக்கம் சிவந்துபோனது.

"எசெகே," என்றான் நிகாய், "ஜீப்ல தண்ணி உறையுதான்னு கொஞ்சம் பாத்துட்டு வாங்களேன்."

அவன் ஜீப்பில் ஒன்றும் உறையவில்லை. நான் வெளியே போனேன். என் ஸ்டேஷனிலிருந்து, என் பேர் வைத்த மெஷின் முன்னாலிருந்து, வெளியே போகச் சொன்னான், நான் போனேன்.

ஜன்னலில் காற்றுக்கு ஒரு சின்னக் கதவு இருக்கிறது. அதை மூடியிருக்கவில்லை. தட்டுகிற சத்தம் கேட்டது. மெஷின் அணைந்து எழுகிற சத்தம் கேட்டது. பிறகு ரௌஷான், "வந்துடுச்சு" என்றாள், மூச்சை விட்டுக்கொண்டு. நிகாய் நகரத்துக்குப் போன் செய்து, ஓர் அமைப்பு தவறியிருந்தது, சரியாகிவிட்டது என்று மட்டும் சொன்னான். யார் தவறவிட்டது என்று சொல்லவில்லை. கம்கா இலியாசோவ்னா அவளிடம் கொடு என்றார்.

"எங்க மெஷின், எங்க மெஷின்னு இனிமே வேண்டாம். எனக்கு அப்படிப் பதினெட்டு மெஷின் இருக்கு. எது எழுந்திருக்கு, பேரைச் சொல்லு."

 ஜீப்பின் மேல் பனி விழுந்துகொண்டிருந்தது.

பிறகு ரௌஷான் குரலில் என் பேர் கேட்டது. உப்பு, விறகு என்று சொல்கிற மாதிரி சொன்னாள். அத்தா இல்லை, ஒன்றும் இல்லை. வெறும் பேர்.

"ஆங். தினமும் காலைல இப்படிச் சொல்லு. வேலை உனக்குத்தான், போ" என்றார் அந்த அம்மாள்.

எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நிகாய் கிளம்பும்போது அவன் பையை நான் தூக்கிக்கொண்டு போனேன். ஊர் முழுக்க அவனைத் திருடன் என்று சொல்லிவைத்திருக்கிறேன். அதற்கு ஒரு வார்த்தை இருக்கிறது, சொல்ல வேண்டியதுதான். பையை ஜீப்பில் வைத்தேன். பாலத்துக்குப் பக்கத்தில் வழுக்கும், மெதுவாகப் போ என்றேன். அவன் தலையாட்டினான்.

வீட்டுக்கு நடக்கும்போது ரௌஷான் வழக்கம்போலப் பின்னால் வந்தாள். பாதி தூரத்தில், "அத்தா, எனேகிட்ட..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள். மாமியாரைச் சொல்கிறாள். என் மனைவி பாதிஷுக்குத் தெரிந்தால், மாமனார் பேரைத் தினமும் போனில் கூவுகிற வேலை நமக்கு வேண்டாம் என்று வீட்டோடு நிறுத்திவிடுவாள். எர்மெக்கும் அம்மா சொல்லைத் தட்டமாட்டான்.

"நான் சொல்லிக்கறேன்" என்றேன். "நான்தான் சொல்லச் சொன்னேன்னு சொல்லிடறேன். நான் சொன்னேன்னா யாரு பேச முடியும்? நீ பாட்டுக்கு வேலைக்குப் போ."

"நெசமாவா அத்தா?"

"சொன்னா சொன்னதுதான்."

அவள் இரண்டு எட்டு வேகமாக வைத்து எனக்குப் பக்கத்தில் வந்து நடந்தாள். கல்யாணமாகி வந்த பிறகு அப்படி நடந்தது அன்றுதான். அந்த வெளிநாட்டுக் குழு வரும்போது என்னென்ன காட்டவேண்டும் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ம் கொட்டினேன்.

வீட்டில் தெமிர்பாய் உட்கார்ந்திருந்தான். ஜீப்பைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறான். பாதிஷ் விரிப்பு விரித்து, பொரித்த மாவுருண்டை கொட்டி வைத்திருந்தாள். ரௌஷான் சால்வையைக் கழற்றிவிட்டுச் சமோவார் பக்கம் போய் உட்கார்ந்தாள்.

"என்னப்பா, திருடன் அகப்பட்டானா?" என்றான் தெமிர்பாய்.

திருட்டு இல்லை, கரண்ட் போனதில் வந்த கோளாறு என்றேன். அவனுக்கு அது போதவில்லை.

"அப்ப மறுபடியும் உன் பேருதானா? யாரு போட்டா, உன் மருமகளா?"

பாதிஷ் கையில் இருந்த ரொட்டி நின்றது. அவள் ரௌஷானைக் கேட்கவில்லை. என்னைக் கேட்டாள்.

"சொன்னாளா?"

ரௌஷான் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பயமே இல்லை அந்த முகத்தில். நான் சொல்லப்போகிறேன் என்று காத்துக்கொண்டிருந்தாள்.

தெமிர்பாய் உதட்டில் ஒரு சிரிப்பு தயாராக இருந்தது. அதைத்தான் நான் பார்த்தேன்.

"எவ சொன்னா? அந்தக் கொரியாக்காரன்தான் எல்லாம் பண்ணான். இவ வாயும் தெறக்கலை, விரலும் வைக்கலை."

தெமிர்பாய் தொடையில் தட்டினான். மருமகள் என்றால் இப்படி இருக்கவேண்டும், எனக்கும் வந்து வாய்த்ததே ஒன்று என்றான். பாதிஷ் ரொட்டியைப் பிய்த்து வைத்தாள்.

ரௌஷான் தேநீர் ஊற்றினாள். தெமிர்பாய்க்கு அரைக் கிண்ணம். மதிக்கிற ஆளுக்கு எங்களில் அரைக் கிண்ணம்தான் ஊற்றுவோம், கை சலிக்காமல் திரும்பத் திரும்ப ஊற்றலாம் என்பதற்காக. பாதிஷுக்கும் அரைக் கிண்ணம். என் கிண்ணத்தை எடுத்தாள், விளிம்பு வரை ஊற்றினாள். எழுந்து போகத் தெரியாத விருந்தாளிக்குத்தான் அப்படி ஊற்றுவது. கை தவறிவிட்டது போல என்று பாதிஷ் நினைத்திருப்பாள். ஒரு சொட்டு சிந்தாமல் என் முன்னால் வைத்தாள். தூக்கினால் கொட்டிவிடும். நான் குனிந்து கிண்ணத்தில் வாய் வைத்துக் குடித்தேன்.

மறுநாள் காலை ஸ்டேஷனில் அடுப்பு மூட்டினேன். நகரத்துக்குப் போன் செய்கிற நேரம் வந்தது. அவள் வாய் திறக்கச் சங்கடப்படக்கூடாது என்று, விறகு எடுக்கப் போகிறவன் மாதிரி கோட்டை எடுத்தேன். ஒரு கையைத்தான் நுழைத்திருப்பேன். ரௌஷான் எனக்காக நிற்கவில்லை. எண்ணைச் சுழற்றினாள். திரையைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"எசிர்கெப் நல்லாருக்கு" என்றாள்.

போனை வைத்துவிட்டு வேலையைப் பார்த்தாள். நான் மற்ற கையை நுழைக்கவும் இல்லை, கோட்டைக் கழற்றவும் இல்லை. அப்படியே முக்காலியில் உட்கார்ந்திருந்தேன்.